பைப்புக்கு ஃபில்டர்: குமுளி ஈரத்திலும் கம்பம் வெயிலிலும்

புகைபிடிக்கும் பைப்புக்குள் போடும் ஃபில்டரின் முதல் வேலை ஈரத்தை வாங்குவது. புகையிலை எரியும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. எரிவதாலேயே புதிதாகவும் நீர் உண்டாகிறது. அந்த ஆவி சூடான கிண்ணத்திலிருந்து குளிர்ந்த தண்டுக்குள் நுழையும்போது நீராகப் படிகிறது. புகையின் பிசினான தாரும் நிகோடினும் அதில் கலந்து, பழுப்பு நிறக் கசப்புநீராகக் களகளவென்ற சத்தத்தோடு வாய் வரை ஏறிவிடும். ஃபில்டர் இந்த நீரை நடுவழியில் பிடித்து வைக்கிறது. புகை கொஞ்சம் ஆறி வருகிறது, நாக்கு எரிச்சல் குறைகிறது. நிகோடினும் தாரும் குறைவது இதற்கு அடுத்தபடியான, ஓரளவுக்கான பலன்தான்.

ஈரம்தான் விஷயம் என்று புரிந்துகொண்டால், எல்லைப் பக்கத்து ஊர்களில் ஃபில்டர் ஏன் இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடக்கிறது என்பதும் புரியும். கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. கீழே மழைமறைவுப் பகுதி, காய்ந்த காற்று. மேலே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. போடியிலிருந்து போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு என்று எந்தப் பாதையிலும் இதே கதை. ஒரே பைப், ஒரே ஃபில்டர், ஒரே புகையிலை. கீழே ஒரு கிண்ணம் முழுக்கத் தாங்கும் ஃபில்டர், மேலே பாதியிலேயே நனைந்து அடைத்துக்கொள்ளும். வெளிநாட்டில் அச்சிட்ட பாக்கெட் குறிப்பில் இதெல்லாம் இருக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபில்டர் போட்ட பைப் பாதுகாப்பான பைப் அல்ல. கரி ஃபில்டர் சில ஆவிப்பொருள்களையும் தாரில் ஒரு பகுதியையும் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அதில் சிக்காது. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு பைப் ஒரு காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. புகை மென்மையாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு கிண்ணம் பிடிப்பதும், உள்ளே இழுப்பதும் ஃபில்டரால் வரக்கூடிய புதுக் கெடுதல்கள். புகைக்காதவர்கள் ஃபில்டரை நம்பித் தொடங்க வேண்டாம். விட நினைப்பவர்கள் மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356இல் பேசலாம். கீழே உள்ளது ஏற்கெனவே பைப் பிடிக்கும் பெரியவர்களுக்காக.

கையில் இருக்கும் பைப் எது

முதலில் பகுதிகள். புகையிலை நிரப்பும் இடம் கிண்ணம். அதோடு சேர்ந்தே வரும் மரப் பகுதி தண்டு. கழற்றி மாட்டும் கருப்புப் பகுதி வாய்க்குழல். எபோனைட் என்ற கெட்டி ரப்பரிலோ அக்ரிலிக்கிலோ இருக்கும். வாய்க்குழலின் நுனியில் தண்டுக்குள் செருகும் குறுகிய உருளை முளை. ஃபில்டர் உட்காரும் அறை பெரும்பாலும் இந்த முளைக்குள்தான் இருக்கும். ஃபில்டரின் ஒரு முனை தண்டின் துளைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

வாய்க்குழலைக் கழற்றி முளையின் வாயைப் பாருங்கள். 3 முதல் 4 மி.மீ. துளை மட்டும் இருந்தால் அது ஃபில்டர் இல்லாத பைப். அகலமான அறை இருந்தால் 6 மி.மீ. அல்லது 9 மி.மீ. அளவெடுக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் ஒரு சாதாரணப் பென்சில் போதும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 7 மி.மீ. பென்சில் உள்ளே போனால் 9, போகாவிட்டால் 6. ஆழத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு தீக்குச்சியை அறைக்குள் விட்டு, வாயோரம் வரும் இடத்தில் நகத்தால் குறி போட்டு, ஃபில்டரின் நீளத்தோடு ஒப்பிடலாம். தண்டின் துளைக்கும் இதே சோதனை. இரண்டு ஆழத்தையும் கூட்டி, அதில் முளையின் நீளத்தைக் கழித்தால் வருவது ஃபில்டரின் நீளத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் முளை முழுதாக உட்காராது. இடுக்கு வழியாகக் காற்று நுழையும்.

ஃபில்டர் இல்லாத பைப்பின் துளையை டிரில் போட்டு அகலப்படுத்தித் தருகிறோம் என்று சொல்லும் கடைசல் பட்டறைகள் உண்டு. வேண்டாம். முளையின் சுவர் மெலிந்து, அடுத்த முறை கழற்றும்போது தண்டுக்குள்ளேயே முறிந்து நிற்கும்.

குமுளி, மூணாறு கைவினைக் கடைகளில் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் பளபளப்பான மரப் பைப்புகள் வேறு வகை. உள்ளேயும் வார்னிஷ் பூசியிருந்தால் அதில் தீ வைக்கவே கூடாது. எந்த ஃபில்டரும் அந்த வார்னிஷ் புகையைச் சரிக்கட்டாது.

ஃபில்டர் வகைகள்

கரி ஃபில்டர்தான் 9 மி.மீ. பைப்புகளில் அதிகம். காகித உறைக்குள் ஆக்டிவேட்டட் கார்பன் குருணை, இரு முனையிலும் துளையிட்ட மூடிகள். ஜெர்மனியில் இது ஏறக்குறைய எல்லாப் பைப்புக்கும் உண்டு. நியூரம்பெர்க்கின் வாவென் நிறுவனம் டாக்டர் பெர்ல் ஃபில்டரை 1934இல் கொண்டுவந்தது. ஈரத்தை நன்றாக வாங்கும், நாக்கு எரிச்சலை நன்றாகக் குறைக்கும். ஆனால் ருசியையும் சேர்த்து வாங்கும். இனிப்பு வாசனை ஏற்றிய அரோமேட்டிக் புகையிலைக்கு இது பொருத்தம், ஏனென்றால் அவற்றில் காய்ந்துபோகாமல் இருக்க ப்ரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். எரியும்போது அதிக ஈரம் விடும். மெல்லிய ருசியுள்ள வர்ஜீனியா வகைப் புகையிலைக்குக் கரி போட்டால் வெந்நீர் மாதிரிதான் மிஞ்சும்.

மீர்ஷாம் என்ற நுண்துளைகள் உள்ள வெள்ளைக் கனிமத்தின் குருணை ஃபில்டரும் 9 மி.மீ.தான். ஈரம் வாங்கும் திறன் கரிக்குக் கொஞ்சம் கீழே, ருசியைக் காப்பாற்றுவதில் மேலே. கரியும் மீர்ஷாமும் கலந்ததும் கிடைக்கும்.

பால்சா மரத்தில் செய்த முக்கோணக் குச்சி இத்தாலியின் சவினெல்லி கொண்டுவந்தது. 6, 9 இரண்டு அளவிலும் உண்டு. வட்ட அறைக்குள் முக்கோணக் குச்சி நிற்பதால் மூன்று பக்கமும் வழி இருக்கும். புகை மரத்தை ஊடுருவாமல் பக்கவாட்டில் ஓடும், மரம் ஈரத்தை மட்டும் உறிஞ்சும். இழுப்பு இறுகாது, ருசியும் போகாது. எங்கள் கணிப்பில் மலை ஊர்களுக்கு இதைவிட ஏற்ற ஃபில்டர் இல்லை. நனைந்தாலும் வழி அடைக்காது என்ற ஒரு காரணமே போதும்.

மடித்த காகித ஃபில்டர் 6 மி.மீ. அமெரிக்காவின் மெடிகோ பெயரில் பிரபலம். அந்நாட்டு மிசௌரி மாநிலத்தில் 1869இலிருந்து செய்யப்படும் மக்காச்சோளக் கட்டை பைப்புகளில் பலவற்றுக்கு இதுதான் பொருந்தும். விலை குறைவு, ஆனால் நனைந்தால் உப்பும். பருவமழையில் இது கிண்ணத்தின் பாதியில் அடைபடுவது வழக்கமே தவிர விதிவிலக்கு அல்ல.

கனடாவின் பிரிகம் பைப்புகளில் உள்ளீடற்ற மேப்பிள் மரக் குழல் வரும். இதைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கழுவுவதற்கு ஓட்கா போன்ற நிறமற்ற மது. பிறகு இரண்டு நாள் உலர்த்தல். அந்தப் பைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

ஃபில்டரே இல்லாமல் ஈரத்தைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது. டப்ளினின் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற சிஸ்டம் பைப்பில், தண்டுக்குள் ஒரு குழி இருக்கும். நீர் அதில் தேங்கும், புகை மேலே போகும். மலையில் இருந்துகொண்டு ஃபில்டர் வாங்குவதே தொல்லையாகத் தோன்றுபவர்கள் இதைப் பரிசீலிக்கலாம்.

பொருத்துவது

புதுக் கரி ஃபில்டரை எடுத்ததும் உள்ளங்கையில் இரண்டு மூன்று தடவை தட்டி, ஒரு முனையில் வாய் வைத்து ஊதிவிடுங்கள். போக்குவரத்தில் குருணை உரசி உண்டான கரித்தூள் வெளியேறும். ஊதாமல் போட்டால் முதல் இழுப்பிலேயே தூள் நாக்குக்கு வரும்.

இரண்டு முனையும் செராமிக் என்றால் எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். ஒரு முனை செராமிக், மறுமுனை பிளாஸ்டிக் என்றால் செராமிக் கிண்ணத்தைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாஸ்டிக் வாயைப் பார்த்து. வெப்பம் வரும் பக்கம் செராமிக் என்று நினைவில் வைத்தால் மாறாது. தலைகீழாகப் போட்டால் பிளாஸ்டிக் மூடி இளகித் துளைகள் சுருங்கும், கெட்ட வாடை வரும்.

ஃபில்டரை முதலில் வாய்க்குழல் அறைக்குள் விரலால் தள்ளுங்கள். சற்று இறுக்கமாக, உராய்வோடு போக வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் புகை ஃபில்டருக்குள் போகாமல் ஓரமாகவே போய்விடும்; அப்படி இருந்தால் ஃபில்டர் போட்டதற்கு அர்த்தமே இல்லை. இறுக்கமாக இருக்கிறதே என்று குச்சியால் குத்தித் தள்ளாதீர்கள், செராமிக் உடையும். பிறகு தண்டைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குழலை வலஞ்சுழியாக மெல்லத் திருகிக்கொண்டே செருகுங்கள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருகினால் விசை முழுவதும் தண்டின் கழுத்தில் விழும். 9 மி.மீ. அறை உள்ள முளைக்குச் சுவர் மெல்லியது என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

புகையிலை நிரப்புவதற்கு முன் வெறும் பைப்பை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நிரப்பிய பின் இன்னொரு தடவை. ஃபில்டர் தானே கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்கும், அதனால் நிரப்புவது வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும் அளவு எதிர்ப்பு சரி. கன்னம் உள்ளே குழிந்தால் இறுக்கம் அதிகம்; கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். இறுக்கமாக நிரப்பி, பலமாக இழுத்து, அதனால் கிண்ணம் சூடேறி, அதனால் ஆவி அதிகமாகி, ஃபில்டர் ஐந்து நிமிடத்தில் நனைந்து போவதுதான் புதிதாக ஃபில்டருக்கு மாறியவர்களுக்கு நடப்பது. குற்றம் ஃபில்டர்மேல் விழும்.

வேகத்துக்கு அளவு: நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சிறு இழுப்பு. கிண்ணத்தின் வெளிப்புறத்தை உள்ளங்கையில் பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது; கீழே வையுங்கள். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கலாம்.

புகையிலையின் ஈரம்

ஃபில்டர் பற்றிய புகார்களில் பெரும்பகுதி புகையிலை பற்றிய புகார். டின்னிலிருந்து எடுத்ததை அப்படியே நிரப்பினால் எந்த ஃபில்டரும் தாங்காது. ஒரு நடுத்தரக் கிண்ணத்துக்கு 2 முதல் 3 கிராம் போகும். அந்த அளவை ஒரு தாளில் உதிர்த்துப் பரப்பிக் காயவிட வேண்டும்.

கம்பம், போடி, தென்காசிப் பக்கம் சித்திரை வெயில் காலத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் மொறமொறவென்று ஆகி, எரியும்போது நாக்கைச் சுடும். மலையில் மழைக்காலத்தில் திறந்து வைப்பது பலனில்லை. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும்போது புகையிலை காயாது, காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளும். மேசை விளக்கின் கீழே ஒரு சாண் தூரத்தில் வைத்துக் காயவிடுங்கள். வெந்நீர் வைத்திருக்கும் பாத்திரத்தின் மூடிமேல் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து அதில் பரப்பினாலும் சரி, ஆனால் ஆவி தட்டின் ஓரம் வழியாக மேலே வரக் கூடாது. அடுப்பின்மேல் நேராக வைத்தால் வாசனை எண்ணெய்கள் முதலில் போய்விடும்.

பதம் பார்க்க ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் ஈரம். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பதம். பொடிந்து சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது.

பைப் புகையிலை கிடைக்காதபோது உள்ளூர்ச் சரக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வெற்றிலைக்குப் போடும் புகையிலையில் கருப்பட்டிப் பாகு ஏற்றிப் பதப்படுத்துவது வழக்கம். எரியும்போது அந்தப் பாகு உருகித் தண்டில் பிசினாக ஒட்டும், காகித ஃபில்டரை ஒரே கிண்ணத்தில் மூடிவிடும். பீடித் தூளோ மிகச் சன்னம். காற்றுத் துளை வழியாக நுழைந்து செராமிக் மூடியின் துளைகளை அடைக்கும். இரண்டுமே பைப்புக்கானவை அல்ல, கடுமையும் மிக அதிகம்.

நடுவில் களகளவென்றால்

ஃபில்டர் இல்லாத பைப்பில் இந்தச் சத்தம் வந்தால் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனரை வாய்க்குழல் வழியே விட்டு நீரை ஒற்றி எடுத்துவிடலாம். கரி ஃபில்டர் இருந்தால் கிளீனர் தாண்டாது. ஃபில்டரின் உண்மையான குறை இதுதான், இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

சூடாக இருக்கும்போது வாய்க்குழலைப் பிடுங்கக் கூடாது. சூட்டில் தண்டின் மரமும் முளையும் வேறு வேறு அளவில் விரிந்திருக்கும். இழுத்தால் முளை முறியும், முறியாவிட்டாலும் பிடிப்பு தளரும். வெள்ளிப் பூண் போட்ட, கூம்பு வடிவில் வெறுமனே செருகியிருக்கும் வாய்க்குழல் மட்டும் விதிவிலக்கு; அதைச் சூட்டிலும் கழற்றலாம், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மற்றவற்றைக் கீழே வைத்து முழுக்க ஆறவிட்டு, கழற்றி, தண்டையும் அறையையும் கிளீனரால் துடைத்து, புது ஃபில்டர் போட்டுத் தொடருங்கள். ஒரே கிண்ணத்துக்கு இரண்டு ஃபில்டர் செலவாவது வால்பாறை ஜூலையில் சகஜம்.

ஒவ்வொரு கிண்ணத்திலும் இப்படி ஆகிறதென்றால் பைப்பைச் சந்தேகியுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு வாய்க்குழலிலிருந்து கிளீனரை விட்டால் கிண்ணத்தின் அடியில் தலை காட்ட வேண்டும். நடுவில் முட்டினால் தண்டுத் துளையும் முளைத் துளையும் நேராக இல்லை. முட்டும் இடத்தில் புகை சுழன்று நீராகும். அதை ஃபில்டரால் திருத்த முடியாது.

எவ்வளவு நேரம், எத்தனை தடவை

கரி, மீர்ஷாம், காகிதம் மூன்றும் ஒரு கிண்ணத்துக்கு ஒன்று. வறண்ட காலத்தில் கரியை இரண்டாவது கிண்ணத்துக்கும் ஓட்டலாம், அதே நாளில் என்றால் மட்டும். ராத்திரி முழுக்க வைத்திருந்த நனைந்த ஃபில்டரை மறுநாள் காலையில் இழுத்தால் வரும் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. பால்சாவை உலர்த்தி இரண்டு மூன்று தடவை போடலாம். நடுப்பகுதி வரை பழுப்பேறிவிட்டால் மாற்றுங்கள்.

பழைய கரி ஃபில்டரை அடுப்பில் சூடாக்கிப் புதுப்பிக்க முயல வேண்டாம். வீட்டுச் சூட்டில் நீர் மட்டும்தான் போகும். கரியில் ஒட்டிய தாரும் நிகோடினும் போகாது. பிளாஸ்டிக் மூடி உருகுவது தனி. ஃபில்டர் எவ்வளவு ஈரம் வாங்குகிறது என்று தெரிந்துகொள்ள, ஏலக்காய்ச் சாம்பிளையோ நகையையோ எடைபோட வைத்திருக்கும் சிறு தராசு போதும். போடும் முன் ஒரு எடை, எடுத்த பின் ஒரு எடை. புகையிலையை நன்றாகக் காயவைத்த நாளிலும் வைக்காத நாளிலும் எடுத்துப் பார்த்தால், எங்கே கவனம் வேண்டும் என்பது எண்ணாகவே தெரியும்.

மழைக்காலம்

கேரளப் பக்கத்து மலையில் ஃபில்டர்கள் பிடிப்பதற்கு முன்னாலேயே கெட்டுவிடும். காகித டப்பாவில் வைத்த கரி ஃபில்டர் காற்றின் ஈரத்தையும் வாசனையையும் தானாகவே வாங்கிக்கொண்டிருக்கும். ஏலக்காய், மிளகு, காப்பி இருக்கும் அறையில் வைத்தால் சில வாரங்களில் அந்த வாசனை ஏறிவிடும். கற்பூரம், அந்துருண்டை பக்கமே போகக் கூடாது. கரி பிடித்து வைக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டு வாசனையில் அது நிறைந்துவிட்டால் புகைக்கு மிச்சம் இருக்காது.

ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 50 கிராம், துணிப்பையில் கட்டி அடியில். நிறம் மாறும் ஆரஞ்சு வகை வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டில் தவிர்ப்பது நல்லது. நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படாத ஒரு தட்டில் போட்டு, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் மின்சார ஓவனில் வைத்தால் திரும்பப் பயன்படும். பாட்டிலைத் திறந்து ஃபில்டர் எடுத்த கையோடு மூடிவிடுங்கள். ஏற்கெனவே நமுத்துப்போன, ஆனால் பயன்படுத்தாத ஃபில்டர்களை இதற்குள் இரண்டு நாள் வைத்தால் மீளும். புகையிலையை மட்டும் இந்தப் பாட்டிலில் வைத்துவிடாதீர்கள், சருகாகிவிடும்.

பிடித்து முடித்ததும் ஃபில்டரைப் பைப்புக்குள்ளேயே விட்டுப் போவது மழைக்காலத்தின் பெரிய தவறு. மூன்று கெடுதல்கள் அடுத்தடுத்து வரும். காகிதமும் மரமும் உப்பி அறைக்குள் இறுகும். தண்டின் மரம் உப்பி முளையை நெரிக்கும். நாலைந்து நாளில் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பூஞ்சை தெரியும். அதனால் பைப் நன்றாக ஆறியதும் கழற்றி, ஃபில்டரை எடுத்துப் போட்டு, தண்டில் ஒரு கிளீனர், வாய்க்குழலில் ஒரு கிளீனர் விட்டுத் துடையுங்கள், 9 மி.மீ. அறைக்கு டிஷ்யூ தாளை முறுக்கிச் செருகித் திருப்பினால் சுத்தமாகும். வாய்க்குழலை மாட்டாமல் தனியாக, கிண்ணம் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, இரண்டு நாளாவது காயவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று பைப் இல்லாமல் தினமும் பிடிப்பது பைப்பைக் கெடுக்கும்.

பூஞ்சை வந்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து, ஓட்காவில் நனைத்த கிளீனரால் உள்பக்கம் முழுக்கத் துடைத்து, ஒரு வாரம் காயவிட வேண்டும். ரம் வேண்டாம், சர்க்கரைப் பிசுபிசுப்பு தங்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கண்டிப்பாகக் கூடாது; அதில் சேர்க்கும் மெத்தனால் விஷம். அக்ரிலிக் வாய்க்குழலில் மது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நுண்ணிய விரிசல் விழும்; அதற்கு வெதுவெதுப்பான சோப்புநீர் போதும்.

ஃபில்டர் உள்ளேயே சிக்கினால், வாய்க்குழல் பக்கத் துளையிலிருந்து இரண்டாக மடித்த பைப் கிளீனரை விட்டுத் தள்ளுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். காகிதமோ பால்சாவோ என்றால் ஒரு சன்னமான மர ஸ்க்ரூவை அதன் நடுவில் இரண்டு சுற்றுத் திருகி இழுக்கலாம். கரி ஃபில்டரில் ஸ்க்ரூ போடாதீர்கள், செராமிக் சிதறிக் குருணை கொட்டும். முளையே தண்டில் நெரிந்துகொண்டால் பலம் பிரயோகிக்காமல், அரிசி டப்பாவுக்குள்ளோ சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள்ளோ முழுப் பைப்பையும் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மரம் சுருங்கித் தளரும். அடுத்த தடவை அப்படி ஆகாமலிருக்க முளையில் மென்பென்சில் கரியை மெல்லத் தேய்த்துவிடலாம்.

கையால் செய்யும் மாற்றுகள்

ஃபில்டர் தீர்ந்து, அடுத்த பார்சல் வர நாளாகும்போது சிகரெட் ஃபில்டரை வெட்டிப் போடும் பழக்கம் இருக்கிறது. சாதாரண சிகரெட்டின் குறுக்களவு ஏறக்குறைய 8 மி.மீ.; 9 மி.மீ. அறையில் தொளதொளக்கும், 6 மி.மீ. அறையில் போகவே போகாது. அதன் அசிட்டேட் இழை வெப்பத்தில் சுருங்கவும் செய்யும். சுருட்டிப் பிடிக்கும் சிகரெட்டுக்கான 6 மி.மீ. முனைகள் 6 மி.மீ. அறையில் உட்காரும், ஆனால் இழுப்பு மிக இறுகும். கட்டாயத்துக்கு ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அடுப்புக்கரியைப் பொடித்துத் தாளில் சுற்றிப் போடுவதைச் செய்யவே கூடாது. அந்தத் தூள் நேராக வாய்க்கும் நுரையீரலுக்கும் போகும்.

உண்மையில் உதவுவது ஒரு பைப் கிளீனர்தான். 9 மி.மீ. அறையின் நீளத்துக்கு மூன்றாக மடித்து, கம்பி முனைகள் வெளியே நீட்டாமல் திருகி, அறைக்குள் விடுங்கள். பஞ்சு ஈரத்தை வாங்கும், இடைவெளியில் புகை போகும்.

எறிவது, அணைப்பது

பயன்படுத்திய ஃபில்டரில் நிகோடின் செறிந்திருக்கும். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத மூடிய டப்பாவில் போடுங்கள், கையைக் கழுவுங்கள். செராமிக்கும் பிளாஸ்டிக்கும் மக்காது. தேயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ வீசுவது அங்கே வேலை செய்பவர்களுக்கும் காட்டுக்கும் செய்யும் தீங்கு. மாசியிலிருந்து சித்திரை வரை இந்த மலைகளின் கிழக்குச் சரிவு புல்லெல்லாம் காய்ந்து நிற்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீயில் எத்தனை உயிர் போயிற்று என்பது போடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் வெளியே பைப்பைத் தட்டிக் கொட்டவே வேண்டாம். வீட்டில் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் கொட்டுங்கள். பேருந்து நிலையம், டீக்கடை, ஹோட்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி புகைபிடிக்கத் தடை செய்யப்பட்ட இடங்கள், எல்லைக்கு எந்தப் பக்கமானாலும்.

ஃபில்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தால்

9 மி.மீ. பைப்பில் ஃபில்டரை எடுத்துவிட்டு அப்படியே பிடிக்கக் கூடாது. வெறும் அறையில் புகை திடீரென்று விரிந்து ஆறி, அங்கேயே நீராகித் தேங்கும்; ஃபில்டர் போட்டபோது இருந்ததைவிடச் சத்தம் மோசமாகும். அறையை நிரப்பும் அடாப்டர் என்ற சிறு குழல் கிடைக்கிறது. வெளியே 9 மி.மீ., உள்ளே சன்னமான துளை. ஃபில்டரைப் போலவே செருகினால் பைப் சாதாரணப் பைப்பாகிவிடும், கிளீனரும் நேராகக் கிண்ணம் வரை போகும். சில பைப்புகளுடன் பெட்டியிலேயே வரும். அட்டையோடு தூக்கி எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். பங்குனி வெயிலில் கீழே இருக்கும்போது அடாப்டர், மழையில் மேலே ஏறும்போது பால்சா என்று ஒரே பைப்பை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம்.